ராஜசேகரன் வெளியே விட்ட பெயர்கள்

ஜொகூர் பாருவை அடுத்த மாசாயில் ராஜசேகரன் வீடு எது என்று கேட்டால், எந்த ராஜசேகரன் என்று திருப்பிக் கேட்பார்கள். சாவு வீட்டு ராஜசேகரன் என்றால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். அந்தப் பட்டத்தில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. வருத்தமெல்லாம் அவருடைய ஒரே மகள் லோஷினிக்குத்தான். பள்ளியில் அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்ட்ருமெண்ட் டெக்னீஷியன் என்பாள். பொய் இல்லை. ரெங்கத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் மாசாய்க்கு வந்து, நாற்பது வருடம் அழுத்தமானிகளைச் சரிபார்த்தவர் அவர். ஆனால் ஊருக்கு அவர் மரண சகாயச் சங்கத்தின் செயலாளர். அந்தப் பாதியை அவள் விழுங்கிவிடுவாள்.

சங்கத்தில் இருநூற்று நாற்பது வீடுகள். ஒரு வீட்டில் உயிர் போனால் கூடாரம், நாற்காலி, பெரிய பானை எல்லாம் சங்கத்திலிருந்து போகும். அதற்கு முன்னால் செய்தி போகும். ராஜசேகரனுக்குச் செய்திதான் பெரிது. தூக்க நாலு பேர் போதும். ஆனால் நாலே பேர் வந்த சாவை ஊர் மறக்காது. தன் சங்கத்தில் அப்படி ஒன்று நடக்கவிடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தார். முதலில் மோட்டர் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். பிறகு தொலைபேசி. ஓய்வு பெற்ற மறுவருடம், அறுபத்தொரு வயதில், யாரிடமும் சொல்லாமல் பைத்தான் கற்றுக்கொண்டார்.

யாரிடமும் சொல்லாமல் என்றால், சிங்கப்பூரில் மென்பொருள் பொறியாளராக இருக்கும் மகளிடம்கூடச் சொல்லாமல். அவளுக்குத் தெரிந்தபோது 'சங்கம்' என்ற கோப்பு எண்ணூறு வரி வளர்ந்திருந்தது. பெயர்களெல்லாம் தமிழில். கூடாரம், நாற்காலி, பானை, வீடு, ஆள். பைத்தான் தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும் என்பது பத்து வருட அனுபவம் உள்ள லோஷினிக்கு அன்றுதான் தெரியும். அதை அவள் காட்டிக்கொள்ளவில்லை. எட்டிப் பார்த்து, "ஓ, இது ஓடும்ப்பா" என்று தானே அனுமதி கொடுத்ததுபோல் சொல்லிவைத்தாள்.

ஓடத்தான் செய்தது, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை வரைக்கும்.

பைத்தானில் ஒரு கோப்பு இன்னொரு கோப்பை அழைத்துக்கொள்ளலாம்; இம்போர்ட் என்பார்கள். ஒரு நட்சத்திரக் குறி போட்டு அழைத்தால், அந்தக் கோப்பில் பெயர் வைத்த அத்தனையும் கிளம்பி வந்துவிடும். செயலாளரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் அவர் வீட்டுப் பூனை, மிதியடி, பழைய சைக்கிள் எல்லாம் கூடவே வந்து நாற்காலியில் உட்கார்வது மாதிரி. எல்லாவற்றுக்கும் தமிழில் பெயர் வைத்த ராஜசேகரன், தூக்கும் நேரத்துக்கு மட்டும் 'டைம்' என்று ஆங்கிலத்தில் வைத்திருந்தார். மாசாயில் யாரும் நேரம் என்று சொல்வதில்லை. சங்கம் கோப்பின் உள்ளே பைத்தானின் சொந்தக் கடிகாரமும் அதே பெயரில் உட்கார்ந்திருந்தது. நட்சத்திரக் குறியோடு அழைத்ததும் அது வெளியே வந்து, இவர் எழுதி வைத்த நாலு மணியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இருநூற்று நாற்பது வீட்டுக்கும் போன செய்தி: தூக்கும் நேரம், மாட்யூல் டைம் பில்ட்-இன்.

ஊர் பதறியது. கூடாரம் ஏற்றும் லோரிக்கார அர்ச்சுனன் ஃபோன் செய்து, பில்ட்-இன் என்பது புதிதாகக் கட்டிய மின்சுடுகாடா, அங்கே லோரி நிறுத்த இடம் இருக்குமா என்று விசாரித்தார். ஒரு பெரியம்மா எதற்கும் இருக்கட்டும் என்று காலை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்து, தூக்கும்வரை நகரவில்லை.

இப்போது லோஷினி உள்ளே இறங்க வேண்டியதாயிற்று. இறங்க வேண்டியதாயிற்று என்பது அவள் சொல்லும் விதம், உண்மையில் காத்துக்கொண்டிருந்தாள். அவள் அலுவலகத்தில் செய்யும் வேலையே மற்ற குழுக்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோப்புகளை எழுதுவது. ஒரு கோப்பில் வெளியே தெரியும் பெயர்கள் எத்தனை குறைவோ அத்தனை நல்லது என்பது அவள் மதம். ஐந்துக்கு மேல் தெரிந்தால் உடம்பு அரிக்கும். அடுத்தவர் எழுதியதைத் திருப்பி அனுப்புவதில் அந்தக் கட்டடத்தில் அவளுக்கு நிகர் கிடையாது. ஜொகூர் பாருவில் அவள் ஃபிளாட்டின் ஸ்டோர் அறையைத் திறந்தால் தலையில் பழைய மேசைக் காற்றாடி விழும். அது வேறு, அதை யாரும் இம்போர்ட் செய்வதில்லை.

ஒரு சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அப்பாவின் கோப்பைச் சுத்தம் செய்தாள். வெளியே தெரிந்தவை நூற்று அறுபத்து மூன்று பெயர்கள். உள்ளே வைத்துக்கொள்ள வேண்டியவற்றின் முன்னால் ஓர் அடிக்கோடு போட்டாள். பைத்தானில் அது 'வெளியாட்கள் தொடாதீர்' என்பதற்கு அடையாளம். பிறகு வெளியே போகக்கூடிய பெயர்களுக்கென்று இருக்கும் பட்டியலை எழுதினாள். அந்தப் பட்டியலுக்குப் பெயர் 'ஆல்'. முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு. அதில் இருப்பது மட்டும்தான் நட்சத்திரக் குறிக்கு வெளியே வரும். மூன்று பெயர் எழுதினாள். அறிவி. பட்டியல். பொருள்.

அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடமும் எடுத்தாள். "ஒரு பேரு வெளியே நிக்கணும்னா, அது யாருக்குன்னு நீங்க சொல்லணும்ப்பா. சொல்ல முடியலன்னா உள்ளே போயிரணும்."

ராஜசேகரன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "ஃபேக்டரியில மீட்டர்ல கட்டற டேக்கு வெளியே பார்த்துதாம்மா இருக்கணும். அடுத்த ஷிப்ட்டுக்காரன் வந்து பார்க்கணும்ல. செவுத்தப் பார்த்துத் திரும்பியிருந்தா அது டேக்கே இல்ல."

"இது ஃபேக்டரி இல்லப்பா."

"சரிம்மா."

ராஜசேகரனிடம் இரண்டு சரிம்மா உண்டு. ஒன்று, நீ சொல்வது சரி. இன்னொன்று, உனக்கு நேரமாகிறது, கிளம்பு. இரண்டும் ஒரே ராகத்தில் வரும். முப்பத்திரண்டு வருடப் பழக்கத்தில் லோஷினி தனக்கு வித்தியாசம் தெரியும் என்று நம்பியிருந்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மாசாய்க்கு வரும்போது, சாப்பிட உட்காரும் முன் அப்பாவின் மடிக்கணினியைத் திறந்து பட்டியலைப் பார்ப்பாள். மூன்று பெயர். அடுத்த ஞாயிறும் மூன்று. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது, ஓய்வு பெற்ற என் அப்பாவால் முடிகிறது, உங்களால் முடியாதா என்று கேட்பாள். இரண்டு வருடம் கேட்டாள்.

ஒன்றை மட்டும் அவர் மாற்றவிடவில்லை. செய்தி கிளம்புமுன் நிரல் நின்று ஒரு கேள்வி கேட்கும்: வீட்டில் யாரிடம் பேசினீர்கள்? பதில் எழுதாமல் நகராது. அது எதற்கு, அனுப்புகிறவர் தெரிந்துதானே அனுப்புகிறார் என்று லோஷினி வாதாடிப் பார்த்தாள். அவர் சரிம்மாகூடச் சொல்லவில்லை. காரணம் அவளுக்கும் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது அவர் ஷிப்ட்டில் இருந்தார். ஆலைக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது, லாக்கரில் கிடந்தது. யாரோ நல்லெண்ணத்தில் ஊருக்கெல்லாம் செய்தி அனுப்பிவிட்டார்கள். மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து ஆலை வாசலுக்கு வந்தபோது அங்கே நின்றவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அவருக்குத்தான் தெரியாது. கை கொடுக்க வந்தவர்களிடம் என்ன விசேஷம் என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து, வீட்டு ஆளிடம் வாயால் பேசாமல் ஒரு செய்தியும் கிளம்பியது கிடையாது.

இந்த வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ராஜசேகரன் வாசலில் செருப்பைப் போடக் குனிந்தவர் எழவில்லை. அறுபத்தேழு வயது. பார்த்தது பக்கத்து லோரோங் சந்தில் இருக்கும் ராசம்மா. பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்துகிறவர். சங்கத்தில் துணைச் செயலாளர். அவர் ஃபோன் செய்தபோது லோஷினி வேலைக்குப் போகும் வழியில், சிங்கப்பூர்ப் பாலத்தின் நடுவில் மோட்டர் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பாலத்தில் திரும்ப வழி கிடையாது. சிங்கப்பூருக்குள் போய், பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, சுற்றி, மறுபடி முத்திரை வாங்கித்தான் வரமுடியும். அப்பா இறந்த செய்தியை வைத்துக்கொண்டு அவள் ஒரு நாட்டுக்குள் நுழைந்து வெளியேறினாள். குடிநுழைவு அதிகாரி எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டார். பத்து நிமிடம் என்றாள்.

ஒன்பது மணிக்கு வீடு வந்து சேர்ந்தபோது டாக்டர் வந்து போயிருந்தார், போலீஸ் ரிப்போர்ட் எழுதியாகியிருந்தது, அப்பா ஹாலில் இருந்தார். நாலு மணிக்குத் தூக்குவதாக முடிவு. பத்து மணிக்குள் செய்தி போகவேண்டும். அதற்குப் பிந்தினால் தூரத்தில் இருப்பவர்கள் வந்துசேர முடியாது. இது அவர் வைத்த சட்டம்தான்.

"செய்தி நான் அனுப்பறேன் ஆன்ட்டி" என்றாள் லோஷினி. ராசம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, சரி என்று விட்டுவிட்டார்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, மடிக்கணினியைத் திறந்தாள். பழக்க தோஷம், முதலில் பட்டியலைப் பார்த்தாள். மூன்று பெயர் இருக்கவேண்டிய இடத்தில் நாற்பத்தொன்று இருந்தன.

ஒரு வரிக்கு ஒரு பெயர். சிங்கப்பூர் என்று ஒன்று. ஷிப்ட் என்று ஒன்று. ஆள் பெயரெல்லாம் இருந்தது. x2 என்று ஒன்று இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நீளநீளமாகக் குறிப்பு வேறு. குறிப்புகளை லோஷினி படிப்பதில்லை. நிரல் தன்னைத் தானே விளக்கவேண்டும் என்பது அவள் கட்சி. அவளுக்குக் கோபம் வந்தது. அன்று காலையில் முதன்முதலாக ஏதோ ஒன்று உருப்படியாக வந்தது, அது கோபம். எத்தனை தடவை சொன்னேன் என்று வாய்விட்டே சொன்னாள்.

அப்பா ஹாலில் படுத்திருக்க, மகள் அறையில் உட்கார்ந்து அவர் எழுதியதைத் திருத்தினாள். முதலில் x2-ஐ அழித்தாள். அதுதான் இருப்பதிலேயே கேவலமான பெயர். பிறகு மற்றவை. வரி வரியாக முப்பத்தெட்டு. மூன்று மிஞ்சியதும் சேமித்தாள்.  அப்பாவுக்கு ஏதோ செய்துவிட்டதுபோல் இருந்தது.

கதவைத் தட்டிக்கொண்டு ராசம்மா வந்தார். "தள்ளிக்கம்மா, நானே பண்றேன். வீட்டுப் பிள்ளை அனுப்பக் கூடாது. அண்ணன் சொல்லியிருக்காரு."

ராசம்மா நாற்காலியில் உட்கார்ந்து, புடவையில் விரலைத் துடைத்துக்கொண்டு, திரையில் ஒரு படத்தைத் தட்டினார். கறுப்புச் சன்னல் ஒன்று திறந்தது. ராஜசேகரன் அவருக்காக எழுதிக் கொடுத்த சின்னக் கோப்பு அது. நட்சத்திரக் குறி போட்டுச் சங்கம் கோப்பை அழைத்து வந்து நிறுத்தும். இன்னார் செத்தார், நாலு மணி என்று கேட்டவற்றுக்கெல்லாம் பதில் போட்டார். பிறகு ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாக அடித்தார்: சிங்கப்பூர்.

அப்படி ஒரு பெயர் இல்லை என்றது சன்னல்.

எழுத்துப் பிழை என்று நினைத்து மறுபடி அடித்தார். இல்லை. ஷிப்ட். இல்லை. கிருஷ்ணம்மா. இல்லை. ராசம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் இல்லை.

"லோஷி, அண்ணன் போனதோட எல்லாரும் போயிட்டாங்களாம்மா?"

லோஷினி விளக்கினாள். யாரும் போகவில்லை, உள்ளேதான் இருக்கிறார்கள், வெளியே தெரியாமல் வைத்திருக்கிறேன், 'அறிவி' என்று அடித்தால் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போய்விடும் என்றாள்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி சொன்னா பாதி பேருக்குப் போய்ச் சேராதும்மா. ஆலைக்குள்ள இருக்கறவனுக்கு இப்ப அனுப்பி என்ன? ஃபோன் லாக்கர்ல கெடக்கும்."

அப்படியானால் முன்னால் சங்கம் என்று எழுதி, ஒரு புள்ளி வைத்து, பிறகு பெயரை எழுதலாம், அதற்கு முதலில் வேறு விதமாக அழைக்கவேண்டும் என்று லோஷினி தொடங்கினாள். அலுவலகத்தில் இந்த இடத்தில் எல்லாரும் தலையாட்டுவார்கள்.

"உங்கப்பா எனக்குப் புள்ளியெல்லாம் சொல்லிக் கொடுக்கலம்மா" என்றார் ராசம்மா.

மணி ஒன்பதே முக்கால். வாசலில் ஆதம் பாய் வந்து நின்றார். கடைத்தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். சங்கத்தில் உறுப்பினர் இல்லை. சாவு வீட்டுக்குத் தேநீர் மட்டும் எந்தக் காலத்திலும் அவர் கடையிலிருந்துதான் வரும். ஒவ்வொரு முறையும் தனக்குத் தனியாக ஒரு செய்தி வருமே, இன்றைக்கு வரவில்லையே, அதான் நேரில் வந்தேன் என்றார். எத்தனை பேர் என்று சொன்னால் போதும் என்றார். எத்தனை பேர் என்று சொல்ல லோஷினிக்குத் தெரியவில்லை. ஊருக்கே ஆள் சேர்த்த மனிதருக்கு, மகள் செய்த சுத்தத்தில் நாலு பேர்தான் மிஞ்சுவார்கள் போலிருந்தது.

திரும்ப வந்து ராசம்மாவை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்த பெரிய வித்தைகள் ஒன்றும் அங்கே பயன்படவில்லை. தட்டச்சு பழகும் பிள்ளைகள் முதல் நாள் கற்றுக்கொள்ளும் ஒன்றுதான் கை கொடுத்தது: செய்ததைத் திருப்பு. கண்ட்ரோலும் இசட்டும். கடைசியாக அழித்தது முதலில் திரும்பி வந்தது. ஒரு தட்டுக்கு ஒரு வரி. வேறு வழி இல்லாததால், இந்த முறை குறிப்பைப் படித்தாள்.

சிங்கப்பூர். அக்கரையில் வேலை செய்பவர்களுக்கு. முதலில் இவர்களுக்குச் சொல்லவும். லீவு கேட்டு, பாலம் தாண்டி வரவேண்டும்.

ஷிப்ட். ஆலைக்குள் இருப்பவர்களுக்கு. அனுப்பவேண்டாம், வாசல் காவலாளியிடம் சொல்லவும். மூன்று மணிக்கு வெளியே வரும்போது ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும்.

கிருஷ்ணம்மா. 14-ஆம் நம்பர் வீடு. நெஞ்சுவலிக்காரர், தனியாக இருப்பவர். இவருக்கு ஃபோன் வேண்டாம். பக்கத்து வீட்டுக்குச் சொன்னால் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள்.

டீ. ஆதம் பாய்க்கு. எத்தனை பேர் என்று மட்டும். நன்றி சொல்லக்கூடாது, கோபித்துக்கொள்வார்.

லோரி. அர்ச்சுனனுக்கு. இடத்தின் பெயரை இரண்டு தடவை எழுதவும். பில்ட்-இன் சம்பவத்துக்குப் பிறகு அவருக்கு நம்பிக்கை இல்லை.

ரெங்கம். அங்கே இருக்கும் ஒன்பது வீட்டுக்கு. காலை பஸ் போய்விட்டால் வேன் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் சொல்லவேண்டும்.

ஐசி. வீட்டில் இருப்பவர்களுக்கு. துக்கத்தில் அடையாள அட்டை எங்கே என்று யாருக்கும் ஞாபகம் வராது. தலையணை உறைக்குள், அரிசி டின்னில், சாமி படத்துக்குப் பின்னால் பார்க்கச் சொல்லவும்.

லோஷினி தட்டிக்கொண்டே இருந்தாள். யாருக்கு என்று சொல்லாத பெயர் ஒன்றுகூட இல்லை. ஒரு பெயர் வெளியே நின்றால் அது யாருக்கு என்று சொல்லவேண்டும். அவள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். வகுப்பில் இத்தனை வருடமாக எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள்; எழுத்துக்கு எழுத்து கேட்ட மாணவர் ஒருவர்தான். அவருடைய விடைத்தாளைத்தான் காலையில் படிக்காமல் கிழித்திருந்தாள்.

முப்பத்தைந்தாவது தட்டில் வந்தது இது: லோஷினி_வந்தால். ராசம்மாவுக்கு. ஞாயிறு காலை ஓட்டவும். இந்தக் கோப்பை எடுத்து ஒளித்துவிட்டு மூன்று பெயர்க் கோப்பை வைக்கும். அடுத்த தட்டில் இன்னொன்று: லோஷினி_போனால். ராசம்மாவுக்கு. மோட்டர் முனை திரும்பியதும் ஓட்டவும்.

லோஷினி திரும்பி ராசம்மாவைப் பார்த்தாள். ராசம்மா தலைக்கு மேல் சுற்றும் காற்றாடியைப் பார்த்தார்.

"நான்தாம்மா ஓட்டுவேன்" என்றார் கடைசியில். "அண்ணன் கேட்டுல நின்னு உன் மோட்டர் சத்தம் கேக்குதான்னு பார்ப்பாரு. நீ வந்து பார்த்துட்டு, சுத்தமா இருக்குப்பான்னு சொல்லுவ. அதுல அவருக்கு அவ்ளோ சந்தோஷம் லா."

"இன்னிக்கு?"

"செவ்வாய்க்கிழமை நீ வருவேன்னு யாருக்கும்மா தெரியும்?"

லோஷினி சிரித்துவிட்டாள். நன்றாக, சத்தமாக. ஹாலில் இருந்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு ஓடிவந்தார்கள். தண்ணீர் வந்து சேர்வதற்குள் அவர்கள் நினைத்தது சரியாகிவிட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு முப்பத்தேழாவது பெயரோடு நிறுத்தினாள். மிச்சம் இருந்தது x2 ஒன்றுதான். என்ன இருந்தாலும் அதற்கு ஒரு எல்லை உண்டு. சேமித்து, எழுந்து, இடம் கொடுத்தாள்.

ராசம்மா முதலிலிருந்து தொடங்கினார். சிங்கப்பூர் என்று அடித்தார், தலையாட்டியது. ஷிப்ட், கிருஷ்ணம்மா, லோரி, டீ. வரிசையாக எல்லாரும் வந்து நின்றார்கள். கடைசியாக, எல்லாவற்றையும் ஒருசேரக் கிளப்பும் கட்டளை: போ. சன்னல் ஒரு நொடி யோசித்தது. x2 என்று ஒன்றைக் காணவில்லை என்றது.

லோஷினி குனிந்து இன்னொரு தடவை தட்டிச் சேமித்தாள். x2 வந்தது. குறிப்பும் வந்தது: யாருக்கு என்று தெரியவில்லை. எடுத்தால் ஓடவில்லை. லோஷினியிடம் கேட்கவேண்டும், கேட்டால் திட்டுவாள்.

மணி பத்துக்கு நாலு நிமிடம். ராசம்மா மறுபடி எல்லாவற்றையும் அடித்து, மறுபடி 'போ' என்றார். இந்த முறை சன்னல் கேட்க வேண்டியதைக் கேட்டது. வீட்டில் யாரிடம் பேசினீர்கள்?

ராசம்மா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். நாற்காலியை லோஷினி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அரை மணி நேரமாகப் பக்கத்திலேயே நின்றவளை அப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்தார். ராஜசேகரன் ஃபோனில் பேசும் அதே நிதானம் அவர் குரலில் இருந்தது.

"சங்கத்துலேர்ந்து பேசறேன். வீட்டுல யாரும்மா பேசறது?"

"மகள்" என்றாள் லோஷினி. "லோஷினி."

"யாரும்மா தவறிட்டாங்க?"

அவளுக்கு உடனே வரவில்லை. காலையிலிருந்து எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவள் வாயால் சொல்லவேண்டிய அவசியமே நேரவில்லை. ராசம்மா அவசரப்படுத்தவில்லை. சன்னலும் அவசரப்படுத்தவில்லை, பதில் வரும்வரை காத்திருக்கத்தான் அது எழுதப்பட்டிருந்தது.

"அப்பா" என்றாள். "எங்க அப்பா தவறிட்டாரு ஆன்ட்டி."

"சரிம்மா" என்றார் ராசம்மா. திரும்பி, அவள் பெயரை அடித்தார்.

முதலில் ஹாலில் ஒரு கைப்பேசி ஒலித்தது. பிறகு வாசலில். பிறகு தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக. அலமாரி மேல் இருந்த ராஜசேகரனின் கைப்பேசியும் ஒலித்தது. உறுப்பினர் எண் ஒன்று அவருடையது. ஆதம் பாய் வாசலில் தன் செய்தியைப் படித்துவிட்டு, அத்தனை பேரா என்று மட்டும் கேட்டுக் கடைக்குத் திரும்பினார். யாரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை.

நாலு மணிக்கு நாற்காலி போதவில்லை. அக்கரையிலிருந்து வந்தவர்கள் தலைக்கவசத்தைக் கையில் வைத்தபடியே நின்றார்கள். ஆலை உடுப்போடு ஐம்பது, அறுபது பேர் லோங்காங் சாக்கடை ஓரமாக வரிசை கட்டியிருந்தார்கள். அவர்களில் ஒருவரும் செய்தியைத் தனியாகக் கேட்கவில்லை. ரெங்கத்து வேன் மூன்றரைக்கே வந்துவிட்டது. கிருஷ்ணம்மாவின் கையை விடாமல் பக்கத்து வீட்டுக்காரி கூட்டிவந்தாள். அர்ச்சுனன் இடத்தை இரண்டு தடவை உறுதி செய்துகொண்டுதான் லோரியைக் கிளப்பினார். தூக்க நாலு பேர் வேண்டும் என்றபோது முன்னால் வந்தவர்களை விலக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

பதினாறாம் நாள் முடிந்து ராசம்மா செயலாளரானார். லோஷினி அந்தக் கோப்பில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. x2 எதற்கு என்று ஒரு முழுச் சனிக்கிழமை உட்கார்ந்து தேடிப் பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை. அலுவலகத்தில் புதியவர்களுக்கு வகுப்பு எடுப்பதையும் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் மாசாய்க்கு வருகிறாள். மடிக்கணினி ராசம்மா வீட்டில் இருக்கிறது. முனை திரும்பும்போது வேகத்தைக் குறைத்து, கேட்டுக்கு வெளியே மோட்டரை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றாமல் இரண்டு நிமிடம் நிற்கிறாள். உள்ளே ஒற்றை விரல் எழுத்து எழுத்தாக அடிக்கும் சத்தம் கேட்கும். அது முடிந்த பிறகு ஹாரன் அடித்துவிட்டு உள்ளே போகிறாள். சாப்பிட உட்காரும் முன் பட்டியலைத் திறந்து பார்க்கிறாள்.

மூன்று பெயர்.

"சுத்தமா இருக்கு ஆன்ட்டி" என்கிறாள்.